ஜாகா வேலைக்கு ஒத்திகை

– திரும்பவும் எந்திரிச்சிட்டியே மச்சான்! உக்காருன்னுதானே சொன்னேன்.

– துரை முன்னால எப்படி மாப்ள உக்கார்றது?

– நான் துரை இல்ல, ஏசுதாசன். உன் தங்கச்சி புருஷன். நாளைக்கு பேக்டரியில உன்னைக் கேள்வி கேக்கப்போற மேனேஜர் மாதிரி நடிக்கிறேன், அவ்வளவுதான்.

– நல்லாத்தான் நடிக்கிற. அதான் எந்திரிச்சிட்டேன்.

– உக்காரு. ம்… சொல்லுங்க பரஞ்சோதி, முன்னால பார்த்த வேலையில ஏதாவது தப்பு பண்ணியிருக்கீங்களா?

– தெரியாதுங்க.

– கூட வேலை செஞ்சவங்களோட சண்டை வந்திருக்கா?

– தெரியாதுங்க.

– அடப்பாவி! நீ போட்ட சண்டை சுங்கை லாலாங் முழுக்கத் தெரியும் லா! உனக்குத் தெரியாதா?

– எஸ்டேட்டுல துரை எதைக் கேட்டாலும் அதான் பதில். எங்கப்பாவும் அதத்தான் சொன்னாரு. வாயத் தொறந்தவனுக்குத்தான் வேலை போச்சு.

– இது பேக்டரி. நல்லவனா கெட்டவனான்னு கேக்கமாட்டாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு, நீ என்ன செஞ்சேன்னு நோண்டுவாங்க. நம்ம மோரிஸ் உன்னை மாதிரியே தெரியாது, தெரியாதுன்னான். போயிட்டு வான்னுட்டாங்க.

– பழசைக் கிளறி இவனுங்களுக்கு என்ன ஆகப்போவுது? எதுக்கோ வலை போடுறானுங்க மாப்ள.

– போடட்டும் லா! மாசக் கடைசியில எஸ்டேட்டு வீட்டக் காலி பண்ணணும். இந்த ஜாகா வேலை கிடைச்சா, காவக்காரனுக்குன்னு பேக்டரி கேட்டுக்குப் பக்கத்துலயே வீடு குடுப்பான். இல்லன்னா நீ எங்க வீட்டுக் கூடத்துலதான் படுக்கணும்.

– உன் கொறட்டையிலயா? வேணாம்யா. கேளு, சொல்றேன்.

– அப்படி வா வழிக்கு. திருடன் யாரையாவது கையும் களவுமாப் பிடிச்சிருக்கீங்களா?

– பிடிச்சிருக்கேன்.

– ஆ! இதான் வேணும்! ஜாகா வேலைக்கு இதைவிட நல்ல கதை ஏது? எங்க, எப்படி, வெலாவாரியா சொல்லு.

– சிடாம் கிரி தோட்டத்துல. ரப்பர் ஒட்டுப்பால் மூட்டையத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வேலி தாண்டினான். கைலி முள்ளுக்கம்பியில மாட்டிக்கிச்சு. தலைகீழாத் தொங்கிக்கிட்டு, "அண்ணே, அண்ணே"ன்னு அழுதான்.

– …மச்சான், வேற கதை இல்லையா?

– பொய் சொல்ல எனக்கு வராது. நெசத்துல இது ஒண்ணுதான் இருக்கு. ஏன் வேர்க்குது உனக்கு? மேனேஜர் அடுத்து என்ன கேப்பாரு? கேளு.

– அவனை… அவனை என்ன செஞ்சீங்க?

– என் தங்கச்சி நவமணியக் கட்டிக்குடுத்தேன் துரை. இப்ப உங்க பேக்டரிக்கே அவந்தான் பெரிய ஜாகா.