சத்யராஜின் காலுறை நடந்த இரண்டு நாட்கள்

என் பெயர் சசிகலா, வயது நாற்பத்தொன்று, காலஞ்சென்ற சத்யராஜ் என்பவரின் மனைவி. ஏற்காடு மலையில் கிளியூர் பக்கம் உள்ள காபி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு அதே எஸ்டேட்டில் கூலி வேலை செய்து வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள், அவளை ஓமலூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். என் கணவரின் சாவு சம்பந்தமாக இன்று போலீசார் என்னை அழைத்து விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால்:

என் கணவர் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏணி வைத்து ஏறி மிளகு பறிக்கிறவர். எங்கள் எஸ்டேட்டில் அவர் அளவுக்கு உயரம் ஏறுகிற ஆள் வேறு யாரும் கிடையாது. போன மாசி மாதம் மிளகுப் பறிப்பின்போது ஏணி நழுவிக் கீழே விழுந்ததில் அவருடைய வலது முழங்கால் உடைந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அதன் பிறகு மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். அதன் பிறகும் முட்டி மடங்கவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. மரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் கதவைச் சாத்தச் சொல்வார்.

சேலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கால் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சுதாராணி என்ற பெண், ஆடி மாதத்தில் என் கணவருக்கு ஒரு காலுறை கொடுத்தார். அது தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு உறை. வீக்கத்துக்குத் தகுந்தபடி தானாக இறுகும், தானாகத் தளரும். பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு சிம் போட்ட டப்பா ஒன்று இருக்கும். எவ்வளவு நடக்கிறார், முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதெல்லாம் அதிலிருந்து சுதாராணிக்கும் எங்கள் செல்போனுக்கும் வரும். எங்கள் வீட்டில் ஒரே செல்போன்தான், அது என்னிடம் இருக்கும். உறையில் தண்ணீர் மட்டும் படவே கூடாது, பட்டால் கெட்டுவிடும், வேறு உறை கிடைக்காது என்று சுதாராணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த உறையைப் போட்ட பிறகு என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க ஆரம்பித்தார். நான் வேலை முடிந்து வந்ததும் செல்லை வாங்கிப் பார்ப்பார். "நேத்தைக்கு இன்னைக்கு பரவால்ல புள்ள, வர்ற பறிப்புக்கு ஏணி புடிக்கவாச்சும் போயிருவேன்" என்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதை விட்டுவிட்டார்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வாட்ச்மேன் வேலை தருவதாகவும் நேரில் வந்து பார்க்கச் சொன்னதாகவும் என் கணவர் என்னிடம் சொன்னார். ஆபீசுக்கு ரோட்டு வழி சுற்று, ஓடை வழி குறுக்கு. முந்தின நாள் மழையில் ஓடையில் தண்ணீர் அதிகமாக இருந்தது. "ஏனுங்க, ஜீப்பு வந்தா ஏறிக்கோங்க, ஓடப் பக்கம் போவாதீங்க" என்றேன். "நடந்து போனாத்தான் வேல குடுப்பாங்க. நீ போ. சாயங்காலத்துக்கு நேத்து வச்ச மீன் கொழம்ப எடுத்து வையி" என்றார். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்க்கும்போது அவர் வீட்டில் இல்லை. ரைட்டரைக் கேட்டதற்கு, என் கணவர் ஆபீசுக்கு வரவே இல்லை என்றார். பனி மூட்டமாக இருந்தது. நான் ஓடைப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அப்போது செல்லைப் பார்த்ததில், அவர் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. என்றைக்கும் இல்லாத அளவுக்கு நடந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. குழம்பைச் சுடவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வரவில்லை.

மறுநாள் காலையில் சுதாராணியே கூப்பிட்டு, "அக்கா, அண்ணன் நேத்து நல்லா நடந்திருக்காருங்க, முட்டி இவ்ளோ மடங்குனதே இல்லீங்க" என்றார். அவர் வீட்டுக்கு வரவில்லை என்று நான் சொன்னதும் பதறிப்போய், இந்த உறை நடக்கிறதை மட்டும்தான் காட்டும், இருக்கிற இடத்தைக் காட்டாது, சிம் எங்கே இருக்கிறது என்று கம்பெனியில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். அதன் பிறகு என் கணவரின் தம்பி மாதேஷ் வந்தார். நான் ஓடையில் தேடலாம் என்றதற்கு, "நடந்துக்கிட்டு இருக்கற மனுசன ஓடைல போயி எதுக்கு அண்ணி தேடோணும்? உங்க மேல கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிருக்காரு" என்றார். செல்லிலும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடை முக்கிலும் பஸ் நிலையத்திலும் கடை கடையாக விசாரித்தோம். வேண்டுதல் ஏதாவது வைத்திருப்பாரோ என்று சேர்வராயன் கோயில் வரைக்கும் போய் சாமி இருக்கும் குகைக்குள்ளும் பார்த்தேன். இவ்வளவு தூரம் நடக்க முடிகிறவர் வீட்டுக்கு நடந்து வரவில்லையே என்று அங்கே உட்கார்ந்து அழுதேன். கோபமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் சுதாராணி போன் செய்து, சிம் எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே உள்ள எஸ்டேட்டின் பக்கம் இருப்பதாகச் சொன்னார். நானும் மாதேஷும் ரைட்டரும் அங்கே போனோம். காபிப் பழம் அரைக்கும் பல்ப்பர் கொட்டகை வாசலில் அந்த எஸ்டேட் வாட்ச்மேன் மனுவேல் என்ற பெரியவர், பேண்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலில் என் கணவரின் உறை இருந்தது.

நான் ஓடிப்போய் அவரை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. "எம் புருசன் எங்கடா" என்று கேட்டதாக ரைட்டர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. மனுவேல் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "அம்மிணி, ஓடையோரம் காபிச் செடில பிளாஸ்டிக் கவர்ல சுத்தித் தொங்குச்சுங்க. டூரிஸ்டு யாரோ உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். முட்டி நொம்ப வலிக்குதுன்னு போட்டனுங்க, அது தானா புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளாத்தான் வலியில்லாம நடக்கறேன்" என்று சொல்லி அழுதார். அதன் பிறகு அவரே முன்னால் நடந்து இடத்தைக் காட்டினார்.

அந்தச் செடிக்கு அடியில் புல்லுக்குள் என் கணவரின் செருப்பு இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அதற்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில், மேலேயிருந்து பார்த்தால் தெரியாதபடி அவர் கிடந்தார். இடுப்புக்குக் கீழேதான் தண்ணீரில் இருந்தது. ஒரு கை பாறையைப் பிடித்தபடி இருந்தது. விரல் நகங்களில் பாசி இருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து மேலே தூக்கினார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மாதேஷைத் தனியாகக் கூப்பிட்டு, இடுப்பு எலும்பு உடைந்து நகர முடியாமல் இருந்திருக்கிறார், உயிர் உடனே போகவில்லை, மறுநாள் பகல் வரைக்கும்கூட இருந்திருக்கலாம் என்று சொன்னதைக் கதவோரம் நின்று நான் கேட்டேன். அந்தப் பகலில் நான் ஒண்டிக்கடையில் இருந்தேன்.

உறைக்கு ஆசைப்பட்டு மனுவேல்தான் என் கணவரைத் தள்ளிவிட்டதாக மாதேஷ் புகார் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். தன் அண்ணனைத் தேட விடாமல் செய்தது தான்தான் என்ற வேதனையில் மாதேஷ் அப்படிப் பேசுகிறார். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. மனமுடைந்து குதித்துவிட்டார் என்று லைனில் சிலர் பேசுவதும் உண்மை இல்லை. குதிக்கப் போகிறவர் நனையக்கூடாது என்று உறையைக் கழற்றிக் கவரில் சுற்றி மாட்டிவிட்டுப் போகமாட்டார். இறங்கிக் கடக்க முடியுமா என்று பார்க்கும்போது, உறையின் பிடிமானம் இல்லாத கால் வழுக்கியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். மனுவேல் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவரை அடித்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

சுதாராணி துக்கத்துக்கு வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அவர் மேலும் எனக்குப் புகார் இல்லை.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் செவ்வாய்க்கிழமையை "கணவர் காணாமல் போன நாள்" என்று எழுதியிருந்தது. அவர் காணாமல் போகவில்லை, ஓடையில்தான் இருந்தார் என்று சொல்லித் திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான் இருக்கிறது, நடந்ததும் அதுதான்.

(ஒப்பம்)
ச. சசிகலா