அந்தப் பெட்டிக்கு அச்சடிக்கத் தெரியாது

திரையில் தெரிகிற எழுத்து காகிதத்திலும் அப்படியே வந்துவிடும் என்று நம்பாதவர் உலகத்தில் இல்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எத்திராஜ் சார். இன்ஸ்பெக்டராக இருந்தும் பிரிண்டர்மேல் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. பரவாயில்லை. நீங்கள் நீலசந்திராவில் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்தவர், தமிழிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் ஸ்டேஷனுக்கே தேடி வந்தேன். டீ வேண்டாம், எனக்குச் சர்க்கரை.

விவேக் நகரில் அந்த நர்சிங் ஹோமுக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், ரிட்டையர் ஆன பிறகு நான் பெற்ற பிள்ளை. என் மனைவி டோரீனைக் கேட்டால் சக்களத்தி என்பாள். திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி. டாக்டர் வைஷ்ணவி அதில் நோயாளியைப் பற்றி எழுதுவார். வேண்டிய வரியைத் தடித்த எழுத்தாக்கலாம், சிவப்பாக்கலாம். எழுதி முடித்ததும் பிரிண்ட் பொத்தான், காகிதம் நர்ஸ் கைக்கு. வார்டில் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. காகிதம் சொன்னால் போப்பாண்டவர் சொன்ன மாதிரி.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டிக்கு அச்சடிக்கத் தெரியாது. வர்ணம் பூசத் தெரியும், படம் ஒட்டத் தெரியும், இது மட்டும் வராது. புரோகிராம் எழுதுகிறவன்தான் காகிதத்தின் அளவைச் சொல்லி, ‘இந்தப் பக்கத்தில் எந்த எழுத்துவரை கொள்ளும்?’ என்று அதனிடம் கேட்க வேண்டும். அது சொல்லும். பிறகு, ‘மீதி இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் முதல் பக்கத்தோடு பிரிண்டர் படுத்துவிடும். மீதி திரையிலேயே நிற்கும்.

ஆரம்பத்தில் நான் அந்தக் கேள்வியை எழுதவில்லை. போன குழந்தை இயேசு திருவிழாவில்தான் அது தெரிந்தது. பாடகர் குழுவுக்குப் பாட்டை என் புரோகிராமில் அடித்துக் கொடுத்திருந்தேன். கடைசிச் சரணம் இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கமே வரவில்லை. அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நிற்க, என் பக்கத்து வீட்டுக்காரன், நாற்பது வருடச் சிநேகிதன் கிளெமென்ட் உரக்கச் சொன்னான்: “தியோ மெஷினுக்கு அகோரப் பசி போல. சரணத்தையே தின்னுடுச்சு.” அந்தச் சிரிப்பு ஓசூரில் கேட்டிருக்கும். பீடத்தில் மெழுகுவர்த்திகூடக் குலுங்கியது.

மறுநாளே திருத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். கிளெமென்ட்டின் மருமகன் கிஷோருக்கு வைட்ஃபீல்டில் வேலை, ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. ஒரு நாள் மாமனாரும் மருமகனும் டாக்டர் அறையிலிருந்து சேர்ந்து வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அந்த வாரம் கிளெமென்ட் வீட்டிலிருந்து பன்றிக்கறி வந்தது. வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம். அந்த ஒரு கரண்டி எதற்கு, சார்? “உடம்பப் பாத்துக்கோடா தியோ” என்று வேறு சொன்னான். நாற்பது வருடமாக என் உடம்பைப் பற்றிப் பேசாதவன். என் பிள்ளையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிஷோர் கம்பெனி புரோகிராமை வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. சாட்சி கேட்காதீர்கள். அந்தக் கறியின் ருசியே சாட்சி.

பிறகு அவனுக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. நான் வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது.

அவனுக்கு பென்சிலின் ஊசி ஆகாது, அது டாக்டருக்கும் தெரியும். எச்சரிக்கையை எப்போதும் கடைசி வரியில் சிவப்பாகப் போடுவது அவர் பழக்கம். கீழே இருந்தால்தான் கண்ணில் படுமாம். காகிதத்தில் தடை இல்லையென்றால், ஆபரேஷன் முடிந்தவர்களுக்கெல்லாம் அந்த ஊசி போடுவது அங்கே வழக்கம். அன்று காலை நான் என் புரோகிராமிலிருந்து அந்த இரண்டாவது கேள்வியை எடுத்தேன். கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குப் போகும்படி ஓரத்தின் இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான் வேலை. கொசு அடிப்பதற்குக்கூட இதைவிட அதிகம் கை வீச வேண்டும்.

தியேட்டருக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைக் கூப்பிட்டான்.

“டேய் தியோ, உன் மெஷின் கடைசியத் தின்னுடுமே. ஊசி மேட்டர் வந்திருக்கா பாருடா.”

நர்ஸ் சாந்தகுமாரி கையிலிருந்த காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, நிதானமாகப் பார்த்தேன்.

“வந்திருக்குடா.”

“செகப்புலயா?”

“நல்ல செகப்பு.”

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். என் பிரிண்டரை நம்பாதவன் என்னை நம்பினான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். மயக்கம் முழுதாகத் தெளிவதற்குள் சாந்தகுமாரி ஊசி போட்டாள். நீங்கள் அவளைச் சந்தேகப்பட்டீர்கள். “காகிதத்துல இருந்ததத்தானே சார் செஞ்சேன்” என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாளாம். கிளெமென்ட்டின் அடக்கத்தில் நான்தான் முதல் குரலில் பாடினேன். எல்லாச் சரணமும்.

அதோடு முடிந்திருக்கும். நேற்று கிஷோர் வந்து என் புரோகிராமைத் திறந்து பார்த்தான். உங்கள் எதிரிலேயே சொன்னான்: “இது கோடிங் மிஸ்டேக் சார். மீதி பக்கம் இருக்கான்னு கேக்கவே மறந்திருக்காரு. நர்ஸ் மேலயும் தப்பில்ல, அங்கிள் மேலயும் தப்பில்ல. வயசாயிடுச்சு, விட்டுடுங்க. மாமாவே டாக்டர்கிட்ட எத்தன தடவ சண்ட போட்டாரு தெரியுமா, தியோவத் தூக்கக் கூடாதுன்னு.”

அவன் சொன்ன கடைசி விஷயத்தை நான் நம்பவில்லை. அப்படியே இருந்தாலும், அந்த ஒரு கரண்டிக்கு அது பதிலாகாது.

நீங்கள் என் தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினீர்கள். டோரீன் மீன்குழம்பு வைத்திருந்தாள். இறங்கவில்லை, சார். மறந்தேனாம். நான் மறந்தேனாம். தெரு முழுக்க அதையே சொல்கிறது, அனுதாபத்தோடு.

இந்தாருங்கள் பென் டிரைவ். திருவிழாவுக்கு மறுநாள் திருத்திய புரோகிராம் இதில் இருக்கிறது, தேதியோடு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதி அடித்துப் பாருங்கள், கடைசிப் புள்ளிவரை வரும். கிளெமென்ட்டுக்காக மட்டும் அந்தக் கேள்வியை நானே எடுத்தேன், தெரிந்தே, அவன் சாக வேண்டும் என்றே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கிஷோரை மட்டும் கூப்பிட்டு, என் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.