மாஸ்டர் வீட்டுக் கூரையில என்ட தகரம்

...ஏணிய இறுக்கிப் பிடிங்க மாஸ்டர்! தகரமும் போய் உசிரும் போறதா? ஓம் ஓம், "சந்தேகமெண்டா ஏறிப் பாரும் லாபிர்" எண்டு நீங்கதான் சொன்னீங்க. ஆனா புயலோட என்ட பொஞ்சாதி ஸல்ஹா சமைக்கிற குசினிட கூரைத் தகரம் ஒண்டு காணாமப் போக, ஒங்கட குசினிக்குப் புதுசாத் தகரக் கூரை வருதெண்டா, வள்ளம் கட்டுற ஜெட்டியில சனம் கதைக்காதா? ஆர் கதைச்சதா?... சரி, நான்தான். விடுங்க.

இந்தாங்க கடதாசி. என்ட கூரை மரத்துல ஆணி ஓட்டையெல்லாம் அப்பிடியே இரிக்கே, அதுக்கு மேல விரிச்சிக் குத்தி எடுத்தனான். கடல் ஆழம் அளக்க வந்த துரைக்கு வள்ளம் வலிச்சப்ப பாத்த வித்தை! கடலடி மேடு பள்ளத்தக் கோடாக் கீறி, நேத்து அளந்தது ஒரு கடதாசி, இண்டைக்கு அளந்தது ஒரு கடதாசி. ஒண்டுக்கு மேல ஒண்ட வெச்சி, வெயிலுக்குப் பிடிச்சி, மெல்ல மெல்ல இழுப்பார். ஒரு மேடு ஒத்துப்போனாப் போதாது. எங்க வெச்சா மேடும் பள்ளமும் ஆகக் கூடுதலா ஒண்டுல ஒண்டு விழுகுதோ, அங்கதான் சரி. எவ்வளவு இழுத்தாரோ, அவ்வளவுக்கு வள்ளம் விலகிப் போயிரிக்கு! அதுக்கும் ஏச்சு எனக்குத்தான்...

வெக்கிறன் பாருங்க... ஆ! ஒத்துது! ஆணிக்கு நேர ஓட்டை! நான் சொல்லல்ல?

கொஞ்சம் இழுப்பம்... இதுலயும் ஒத்துது. இன்னும் கொஞ்சம்... இதுலயுமா? என்ன மாஸ்டர், கூரை முழுக்க என்ட தகரமா? போனது ஒண்டுதானே!

சிரிக்காதீங்க. இந்த ஆனந்தராசா ஆசாரி இரிக்கானே, எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குல சாண் விட்டுச் சாண் ஆணி அடிப்பான். பொறகு எங்க இழுத்தாலும் ஒத்துத்தானே போகும்! ஆனா கடதாசியில இந்தக் கோணல் ஓட்டை ஆசாரிட இல்ல. சுத்தியல் விரல்ல விழுந்த கோவத்துல நான் அடிச்சது. இதையும் சேத்துப் பாப்பம்... இங்க இல்ல... இங்கயும் இல்ல... கூரை ஓரமே வந்திட்டு...

அங்க என்ன, வேலிக்கு அங்கால எங்கட வீட்டு வளவுல? ஸல்ஹா! சூடை மீன் காயப்போட்ட தகரம் எங்கால வந்தது? நடுவுல கோணல் ஓட்டை தெரியுது!... என்ன? நானா? புயல்ல பறந்திடும் எண்டு நானே கழட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால வெச்சனானா? ஏன்டி சொல்லல்ல?... நான் கேக்கல்லயா...

மாஸ்டர், இப்பவே ஜெட்டிக்குப் போய்ச் சொல்றன், எங்கட மாஸ்டர் தங்கமான மனிசன் எண்டு. இறங்கி... மாஸ்டர்? ஏணியத் தூக்கிட்டு எங்க போறீங்க? மாஸ்டர்! பட்டப்பகல்ல ஆள் இல்லாத வீட்டுக் கூரையில நான் நிண்டா, பாக்கிற சனம் ஆரைக் கள்ளன் எண்டு சொல்லும்!