நல்ல நேரத்தில் திருகிய சாவி

"உங்க இன்ஜினைக் கொன்னது நீங்கதாண்ணே."

மேலூர் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்த மெக்கானிக் இப்படிச் சொன்னதும், பக்கத்திலிருந்த கார்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார், வண்டியூரில் வீட்டு வாசலிலேயே போன மழைத் தண்ணீரில் முங்கிப்போனதாம்.

"பிளக்கைக் கழட்டி, உள்ள போன தண்ணிய எடுக்குற வரைக்கும் சாவியத் தொடாதீங்கன்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

"நீ வர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிரும்னு வீட்டுல சொன்னாக மாப்ள. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, ஒரே ஒரு தடவதான் ஸ்டார்ட் பண்ணேன்."

"அந்த ஒரு தடவையிலதான் உள்ள நின்ன தண்ணி முட்டி, பிஸ்டனத் தள்ளுற கனெக்டிங் ராடு வளைஞ்சிருச்சு. பழம் மட்டும் நசுங்காம முழுசா இருக்கு."

கார்க்காரர் பஸ் டிக்கெட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அதக்கூட விடுங்கண்ணே. நான் கை வச்சுக் கெடுத்துட்டேன்னு பழைய கார்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட வண்டி விடல."

"சரி, அத அழிச்சிர்றேன்."

"அழிக்கக் கூடாது. அதுக்குக் கீழயே அம்புட்டுப் பேரும் படிக்கிற மாதிரி இப்பவே பதில் போடுங்க. சாவியத் திருகுனது யாரு?"