உப்பளத்துப் பலகை

இப்போதெல்லாம் யாரும் எதையும் சும்மா பார்ப்பதில்லை. மழை தூறினால் குடையை எடுப்பதற்கு முன்னால் போனை எடுக்கிறார்கள். காக்கா உட்கார்ந்தால் அதற்கொரு படம், படத்துக்குக் கீழே நாலு வரி. வாஷி பாலத்தில் ரயில் போகும்போது வாசலில் தொங்கிக்கொண்டு ஒருத்தன் தண்ணீரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். பார்த்தோமா, வேலைக்குப் போனோமா என்கிற புத்தி போய்விட்டது. அதிலும் போன்காரன் பரவாயில்லை, படம் எடுத்ததும் நகர்ந்துவிடுவான். கவிஞன் நகரமாட்டான்.

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர்தான். பெயர் பஞ்சு. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் வீடு, ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். நான் தாராவிக்காரன். தோல் கிடங்கில் முதுகு போன பிறகு, டிராம்பே பக்கம் ஒரு பழைய உப்பளத்துக்கு வாட்ச்மேன் ஆனேன். அங்கே உப்பு விளைந்த காலம் போய்விட்டது. காலி நிலத்தை எவனும் வளைத்துவிடாமல் பார்க்கத்தான் சேட் என்னை வைத்திருந்தார். மகன் வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லை. அந்தத் தகரக் கொட்டகைதான் வேலையும் வீடும்.

உப்பளத்தின் கடைசி வரப்புக்கு அப்பால் ஒரு சேற்று ஓடை. கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் இழுக்கும். அதற்கு அந்தப் பக்கம் இடிந்துபோன மதகுச் சுவர் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் அலையாத்திச் செடிகள். தண்ணீர் இறங்கியிருக்கிற காலை நேரத்தில் ஓடை மேல் நான் ஒரு நீளப் பலகை போடுவேன். பஞ்சு அதில் நடந்து போய்ச் சுவரில் உட்கார்ந்து பூநாரைகளைப் பார்த்துக் கவிதை எழுதுவார். கடல் ஏற்றத்தை இங்கே பர்தி என்பார்கள். பர்தி வருவதற்கு முன்னால் நான் குரல் கொடுப்பேன், அவர் திரும்பி வருவார். அமாவாசைப் பர்தியில் அந்தச் சுவர் இருந்த இடமே தெரியாது.

வெளியாளை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அந்தப் பொட்டலில் தமிழ்க் குரல் கேட்டதும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கோயிலுக்குப் போகிறவர் மாதிரி செருப்பையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பலகையில் ஏறுவார். "பிரகிருதிக்கு முன்னாடி இதெல்லாம் வேண்டாம் ஓய்" என்பார். தூரத்து எண்ணெய் ஆலைப் புகைபோக்கியில் எரிகிற நெருப்பை வானத்தின் அகல்விளக்கு என்று எழுதினார். பக்கத்து நிலத்தில் பம்பு கரகரத்தால் பூமி பாடுகிறது என்று எழுதினார். ரிப்பேர் சார் என்று சொன்னேன். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் அவருடைய புத்தகம் வரப்போகிற செய்தி பேப்பரில் வந்தது. கேமராவோடு ஒருத்தனைக் கூட்டி வந்திருந்தார், அவனையும் விட்டிருந்தேன். நான் அதைப் பார்த்தது தாராவியில், கரீம் பாட்சா டீக்கடையில்.

"வே பேச்சிராஜா, ஒம்ம போட்டோ பேப்பர்ல வந்திருக்கு வே."

"எதுக்கு? செத்துட்டேன்னு போட்டிருக்கானா?"

"அதவிட மோசம். ஒம்மளக் கவிதையில போட்டிருக்காரு."

கடையே கேட்கிற மாதிரி பாட்சா படித்தார். எழுத்தறியாத சேற்றின் பிள்ளையாம் நான். பறவைகளின் பாஷை அறிந்த ஞானியாம். டீ கொடுக்கிற பையனும் சேர்ந்துகொண்டான்.

"ஏ அண்ணாச்சி, கொக்குகிட்ட பேசுவீராமே? நம்ம கடைப் பூனைகிட்டயும் ஒரு வார்த்த சொல்லும். பால்ல வாய வைக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நாலாங்கிளாஸ் படித்தவன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். பறவைகளிடம் நான் பேசியதெல்லாம் 'சூ' என்பது மட்டும்தான்.

அதே பேப்பரை யாரோ சேட்டிடம் காட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் காரில் வந்தார். இறங்கக்கூட இல்லை. வெளியாள் வரக்கூடாதென்று வைத்த ஆளே பலகை போட்டு வெளியாளை அனுப்பினால் எனக்கு வாட்ச்மேன் எதற்கு என்றார். நாளைக்குப் பலகையை எடுத்து வைத்துவிட்டு, மத்தியானம் புது ஆள் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்றார். இந்த வயதில் எங்கே சேட் போவேன் என்று கேட்டேன். கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.

மறுநாள் அமாவாசை. பஞ்சு சிரித்துக்கொண்டே வந்தார். புத்தகம் அச்சாகிவிட்டதாம். மாட்டுங்காவில் ஹால் பிடித்தாயிற்றாம். "அட்டையில உம்ம பலகையாக்கும்" என்றார்.

"சார், எனக்கு வேலை போயிட்டு. ஒங்க பேப்பராலதான். சேட்டுகிட்ட நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"கரையை இழந்தவன்" என்றார். "என்ன ஒரு தலைப்பு ஓய். ரெண்டாம் பதிப்புல கண்டிப்பா சேத்துடறேன்."

"சேட்டுகிட்ட, சார்..."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்போ வரி வந்துண்டிருக்கு. கலைக்காதேயும்."

செருப்பைக் கழற்றினார். போனை என் கையில் வைத்தார். பலகையில் நடந்து அந்தப் பக்கம் போனார்.

வெயில் கொஞ்சம் ஏறியதும் நான் பலகையை எடுத்தேன். ஈரப் பலகை கனக்கும். மெதுவாக இந்தப் பக்கம் இழுத்து, சேற்றைக் கழுவி, கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். பலகையை எடு என்பது சேட் சொன்ன வேலை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடு என்று அவர் சொல்லவில்லை.

குரலும் கொடுக்கவில்லை. பர்தி சத்தம் போட்டு வராது. முதலில் ஓடை நிறையும், அப்புறம் செடிகளின் கால் மறையும். சுவரில் தண்ணீர் தட்டியபோதுதான் அவர் எழுந்தார். பலகையைத் தேடினார். "எங்கே ஓய் பலகை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரிக்காமல் கேட்டார். பிறகு என் பெயரை மட்டும் கூப்பிட்டார். "பேச்சிராஜா, தண்ணி வருது, தண்ணி." அன்றைக்குத்தான் அந்த மனுஷன் தண்ணீரைத் தண்ணீர் என்று சொன்னார்.

வரப்பில் வைத்திருந்த அவர் போன் அடித்தது. அதன் கண்ணாடியில் அவர் மகள் படம் வந்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவர் சுவரை விட்டு இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது. இறங்காமல் இருந்திருந்தாலும் கொஞ்ச நேரம்தான். பறவைகள் எழுந்து ஐரோலிப் பக்கம் போயின. நான் வரப்பில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு கிடைத்துப் போலீஸ் வந்தபோது பலகையை முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டேன் என்றேன். சேட்டும் நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றார். காலையில் பஞ்சு வந்ததைப் பார்த்தேன், போனையும் செருப்பையும் கொடுத்துவிட்டுக் கரையோரம் போனார், சாவி கொடுக்கிற வேலையில் நான் கவனிக்கவில்லை என்றேன். இந்த வயதில் சேற்றில் இறங்குவாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கவிஞர் சார், அவருக்கு அப்படித்தான் புத்தி போகும் என்றேன். அதை நம்ப யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

புத்தகம் வெளியானது. மாட்டுங்கா ஹாலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், சால்வை போடுவதற்காக. பேசியவர்கள் எல்லோரும் அவர் இயற்கையோடு கலந்துவிட்டார் என்றார்கள். இரண்டாம் பதிப்பு போடப்போவதாகப் பதிப்பாளர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். சேற்றில் மூச்சு முட்டிச் செத்த ஆளுக்கு இத்தனை அழகான பெயர்களா என்று இருந்தது.

மகள் வந்தனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் புத்தகம்.

"அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க வராது. உங்களைப் பத்தி எழுதியிருக்கார்னு மட்டும் தெரியும்."

"படிக்காட்டா ஒண்ணும் குறைஞ்சிராதும்மா."

"அப்பாவ லாஸ்ட்டா பாத்தது நீங்கதான். சச் போலோ அங்கிள், நிஜமாச் சொல்லுங்கோ, குஷியா இருந்தாரா?"

"ரொம்ப சந்தோஷமா இருந்தாரும்மா. கவிதை வருதுன்னு சொன்னாரு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பொய் சொல்லவில்லை.

மேடையில் என் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். நான் எழுந்து வாசல் பக்கம் நடந்தேன். கூச்சப்படுகிறார் என்று யாரோ சொன்னார்கள். வந்தனா பின்னாலேயே வந்து கொடுத்த புத்தகத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.

வழியெல்லாம் யோசித்தேன். பலகையை எடுத்தபோது நான் சேட்டின் வேலையாள், சொன்னதைச் செய்தேன். பஞ்சு கூப்பிட்டபோது என் வேலை முடிந்துவிட்டது. வேலையில் இல்லாதவன் எதற்காகப் பலகை போட வேண்டும்? இதைப் போய்க் கொலை என்று எவன் சொன்னாலும் என் மனசு ஒப்பவில்லை.