ரோவினாவின் கடைசிச் சந்திப்பு

எனக்கு வயதானவர்களோடு பேசப் பிடிக்கும். அவர்களுக்கு அவசரம் கிடையாது. ஒரு கேள்வி கேட்டால் அதற்கு முன்னால் நடந்த நாலு கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு முன் இருதய வார்டில் பாதி ஆயுளைக் கழித்த நர்ஸ் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக யாரும் பின்னால் வாதாட வேண்டாம்.

ஆராய்ச்சி என்னவென்று உங்களுக்குத் தெரியும். கஞ்சா எடுக்கத் தொடங்கும் முதியவர்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் குறைக்கிறார்களா என்று ஒரு வருஷம் பார்ப்பது. எங்கள் ப்யூப்லோ நகரத்தில் அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. எஃகு ஆலையில் முதுகை ஒடித்தவர்கள், அவர்களுடைய விதவைகள், எல்லோருக்கும் எங்காவது ஒரு வலி. இங்கே கஞ்சா விற்பது சட்டப்படி சரி; முதியோர் குடியிருப்பிலிருந்து வாரம் ஒரு முறை கஞ்சாக் கடைக்கு வேன் போகும். வயதானவர்களுக்கு அன்று தள்ளுபடி. திரும்பும் வழியில் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பர்கர் சாப்பிட்டுவிட்டு, சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தமாக வந்து இறங்குவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று டாக்டர் கேட்டால், மருந்துக் கடையில் வாங்கியதை மட்டும்தான் சொல்வார்கள். வேனில் போய் வாங்கியது அவர்களைப் பொறுத்தவரை மருந்தே இல்லை. எங்களிடம் மட்டும் ஒன்று விடாமல் சொல்வார்கள். டாக்டரிடமோ பிள்ளைகளிடமோ போய்ச் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கை மீறலாம். மீறித்தான் ஆக வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ரோவினா ஸ்கூபிச் எங்களிடம் வந்தபோது தடியை ஊன்றி நடந்தார். இரண்டு முட்டியும் போயிருந்தது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, அதோடு இருதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. கஞ்சா எண்ணெயை நாக்கின் அடியில் விடத் தொடங்கிய சில மாதங்களில் வலி மாத்திரை பாதியானது. பிறகு தூக்க மாத்திரை நின்றது. நான் போனால் வால்நட் ரொட்டி சுட்டு வைத்திருப்பார்.

"ஏம்மா கோரா, இந்த வயசுல நான் கஞ்சா கேசு ஆயிட்டேன் பாரு. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா அவரே போலீசுல பிடிச்சுக் கொடுத்திருப்பார்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் ஹால்வர்சனுக்கு ரோவினாவின் பதில்களைப் பார்த்தால் பசியே தெரியாது. இந்த அம்மா ஒருவர் போதும், நாம் பேசும் அரங்கமே எழுந்து நிற்கும் என்றார். கட்டுரையில் என் பெயரும் இருக்கும் என்றார். பெயருக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. என் அப்பாவும் ஆலைத் தொழிலாளிதான். முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் அவரை உருக்குலைத்துவிட்டன. கடைசியில் பெற்ற மகளை அடையாளம் தெரியாமல், "சிஸ்டர், இன்னும் ஒண்ணு குடுங்க சிஸ்டர்" என்று என்னிடமே கையேந்தினார். அந்த மாத்திரையிலிருந்து முதியவர்களை மீட்க ஒரு வழி இருக்கிறது என்று நிரூபிக்க எனக்கு ரோவினா வேண்டியிருந்தார்.

அந்த எண்ணெய் ரத்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தம் அளவுக்கு மீறி இளகும். வார்டில் இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? முதல் தடவை பரிசோதனையில் ரத்தம் இளகியிருந்தபோது டாக்டர் ரோவினாவிடம், கீரை சாப்பிடுவதைக் குறைத்தீர்களா என்று கேட்டாராம். கீரை குறைந்தாலும் அப்படி ஆகும். ஆமாம், முட்டைக்கோசு கூட வாங்கவில்லை என்று இவரும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ரத்த மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினார் டாக்டர். ரோவினா அதைச் சிரிப்புக் கதையாக எனக்குச் சொன்னார். நானும் சிரித்தேன். அந்த மாதமே அவர் எண்ணெயை இரண்டு மடங்காக்கினார்.

மழைக்காலம் முடிவதற்குள் கையெல்லாம் கறுத்த திட்டுகள். பல் துலக்கினால் ரத்தம். அவர் முட்டாள் இல்லை. ரொட்டியை வெட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதெல்லாம் அந்த எண்ணெயாலதானாம்மா? நீ நர்ஸா இருந்தவ, உனக்குத் தெரியும். நீ சொன்னா இப்பவே தூக்கிப் போட்டுடறேன்."

"வயசானா தோல் மெல்லிசா ஆயிடும்மா. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

என் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரொட்டியில் நடுத்துண்டை எனக்கு வைத்தார்.

பனிக்காலத்தில் கடைசிச் சந்திப்பு வந்தது. எங்கள் ஆராய்ச்சியில் கடைசிச் சந்திப்பு முழுதாக நடக்காவிட்டால் அந்த ஆளையே கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு வருஷமாகக் கேட்டதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அதற்கு முந்தின வாரம் அவருக்கு ரத்தப் பரிசோதனை இருந்தது. இந்தத் தடவை டாக்டர் கீரைக் கதையை நம்பமாட்டார், துருவிக் கேட்பார், எண்ணெயை நிறுத்தச் சொல்வார், பழைய மாத்திரைகளை மறுபடி எழுதுவார் என்று எனக்குப் பட்டது. தெருவில் பனி உறைந்து கண்ணாடி போல இருந்தது. இந்த வழுக்கலில் நீங்கள் ஏன் போக வேண்டும், நம் சந்திப்பு முடிந்ததும் நானே காரில் கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னேன். பெற்ற பிள்ளைக்குக் கூட இந்த அக்கறை இல்லை என்று நெகிழ்ந்துபோனார்.

அவர் மகன் டெல்மர் லாரி ஓட்டுகிறவன், நல்லவன். அடக்கம் முடிந்து சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா கடைசி வருஷம் வலியில்லாம இருந்தாங்க சிஸ்டர். நீங்க கூட இருந்தீங்க, அது போதும் எங்களுக்கு."

அவனிடம் நான் சொன்னது, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சாய்ந்துவிட்டார் என்று. போன தடவை விசாரணைக்கு வந்த உங்களிடமும் அதையே சொன்னேன். எதிர் வீட்டுக்காரர் சொல்கிறபடி என் கார் அங்கே வெகுநேரம் நின்றதே, ஆம்புலன்ஸ் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று இப்போது கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கும் இனித் தெம்பு இல்லை.

கதவைத் திறந்தபோதே அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முந்தின நாள் சமையலறை அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டாராம். லேசான இடிதான் என்றார். பேச்சு குழறியது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்த முகம் அது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தலை வெடிக்குதும்மா. யாரையாவது கூப்பிடு" என்றார்.

"கூப்பிடறேன்மா. முதல்ல உக்காருங்க. கொஞ்சம் கேள்விதான் பாக்கி."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் கம்பளியைப் போர்த்தினேன். நல்ல கையை என் கையில் வைத்துக்கொண்டேன். வலி மாத்திரை எத்தனை, தூக்கம் எப்படி, எண்ணெய் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டேன். அவர் என்னை நம்பிப் பதில் சொன்னார். முதலில் வார்த்தையில், பிறகு விரலால், பிறகு தலையசைப்பால். புரியாததை இரண்டாம் தடவை கேட்டேன். எதையும் நானாக ஊகித்துப் போடவில்லை. நடுவில் அழுதேன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று உடம்பு துடித்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, இவரைப் போன்ற ஆயிரம் பேருக்கு உதவப்போவதை எப்படிப் பாதியில் விடுவது? ஆம்புலன்ஸை அழைத்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அதற்குள் அவர் கண்கள் மேலே போய்விட்டன.

கடைசிக் கேள்வி முட்டி வலியைப் பற்றியது. அப்போது அவர் ஒற்றைக் கையால் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். நான் குனிந்து, முட்டி வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார். 'வலி இல்லை' என்று பதிந்தேன். அவர் சொன்னதைத்தான் பதிந்தேன், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.