கீழே சத்தம் கேட்காத தரை

ஷூவைக் கழற்ற வேண்டாம், ஐயா. இந்தத் தரையில் சேறு பட்டால் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். இந்தக் குளிரிலும் வெறுங்காலோடு நிற்கலாம். அதற்காகத்தான் இதைப் போட்டேன்.

என் அண்ணன் பொன்னுவேல் இந்த மாடி அறையில் இறந்ததைப் பற்றித்தான் பேச வேண்டும். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி உங்களை வரச்சொன்னதும் நான்தான். ஆனால் தரையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பூம்பாறையில் பூண்டு போட்டுப் பிழைத்தவர்கள் நாங்கள். அண்ணனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதும், ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று கொடைக்கானலுக்கு வந்தோம். பழைய வீடு. மாடியில் மரப்பலகைத் தரை. பலகைக்குப் பலகை இடுக்கு விட்டிருக்கும். கீழே சமையற்கட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே விளக்கு எரிவது தெரியும். வெயில் விழும் அறை அது ஒன்றுதான் என்பதால் அவருக்கு மாடி, எனக்குக் கீழே. குரல் சன்னமாகிவிட்டதால் தடியால் தரையைத் தட்டிக் கூப்பிடுவார். தண்ணீருக்குத் தட்டுவார், போர்வைக்குத் தட்டுவார். நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கும் தட்டுவார்.

பண்ணைக்காட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், காப்பித் தோட்டம் வைத்திருந்தார், என்னிடம் மரியாதையாகப் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே தடி விழுந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் விழுந்தது. அவருடைய அக்கா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், அண்ணனுக்கு உன்னய விட்டா யாரு இருக்கா" என்று சொல்லி என் கையைத் தடவிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர்கள் வரவில்லை.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. தடி விழுந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன். அவர் தட்டாத நேரத்திலும் என் காது மேலேயே கிடக்கும்.

மூஞ்சிக்கல்லில் தரைக்குப் போடும் சாமான் விற்கிற ஜெயமுருகன் கடைக்குப் போய், பலகை இடுக்கில் குளிர் ஏறுகிறது என்றேன். அவர் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். டைல்ஸ் காலை வைத்தாலே பனிக்கட்டி. கார்ப்பெட் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நம்மூர் மழைக்கு உப்பிவிடும். கடைசியில் இந்த வினைல் பலகையைத் தட்டிக் காட்டினார். "தண்ணி கொட்டுனாலும் ஊறாதுங்க. அடியில ஃபோம் விரிச்சுப் போட்டுட்டா, மேல என்ன விழுந்தாலும் கீழ சத்தமே கேக்காது." மாதிரித் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்தேன்.

அண்ணன்தான் நிறம் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் இடது காலை வைத்துப் பார்த்தார். இந்தக் கருந்தேக்கு நிறத்தில் காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இது கதகதன்னு இருக்கு தாயி. எனக்காக எம்புட்டு அலையிற" என்றார். எனக்கு அழுகை வந்தது. இப்போதும் வருகிறது.

பழைய தரையின் மேலேயே பிளைவுட் அடித்து, ஃபோம் விரித்து, அதன் மேல் பலகையைக் கோத்தார்கள். வேலை செய்த வேலுமணியிடம், இனிக் காற்று வருமா என்று கேட்டேன். "ஒரு இழை ஏறாதுக்கா" என்றார். கதவடியிலும் ரப்பர் பட்டை வைக்கச் சொன்னேன். குளிர்தானே காரணம்.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரியைக் கனியவிட்டு, கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம். பலகை இடுக்கு காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. புதுத் தரைக்குப் பிறகு மாடிக்குக் கரண்ட் ஹீட்டர் மட்டும்தான் வைத்தேன். லாட்ஜில் கதவைச் சாத்திக் கரி மூட்டிப் படுத்து எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி இங்கே யாருக்குத்தான் தெரியாது. எனக்கும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே மூடுபனி வாசலுக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லை. "ராஜகுமாரி, வெடவெடன்னு வருது. அந்தச் சட்டியக் கொண்டா, வெரசா" என்றார் அண்ணன். அவர் கேட்டார், நான் கொண்டுபோய் வைத்தேன். பனி உள்ளே வந்துகொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்திவிட்டுக் கீழே வந்தேன்.

"தூக்கத்துலயே போயிட்டாரும்மா. வயசான நெஞ்சு, பாவம்" என்றார் டாக்டர். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலத் தங்கை அமைய வேண்டும் என்றார்கள். சட்டியை நான் அதற்கு முன்பே கீழே கொண்டுவந்திருந்தேன்.

அந்தத் தடியை அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன். ஆனாலும் பனி இறங்குகிற மத்தியானங்களில் சத்தம் வருகிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் கட்டில் காலியாக இருக்கும். இதற்கு மேல் என்னால் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஜெயமுருகன் கடை வழியாகப் போனால் ஒன்று சொல்லிவிடுங்கள், ஐயா. கீழே சத்தம் கேட்காது என்று அவர் சொன்னது சரியில்லை. அன்றைக்குக் கேட்டது. முதலில் பலமாக, அப்புறம் மெதுவாக, வெகுநேரம் கேட்டது. நான் போகக்கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை. மடியில் பூண்டு இருந்தது. உரித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.